கோத்தகிரியில் ஐப்பசி மழையை அளந்து பார்த்தேன்

ஐப்பசி முதல் நாள் பாட்டிலை வைத்தேன். இன்றோடு முப்பது நாள் ஆகிறது.

கருவி எளிமையானது. 2 லிட்டர் குளிர்பான பாட்டிலின் மேல்பகுதியை வெட்டி, அதையே புனல்போலக் கவிழ்த்து வைத்தேன். வாயின் விட்டம் 11 சென்டிமீட்டர். அந்தப் பரப்பில் 95 மில்லி தண்ணீர் சேர்ந்தால் 10 மில்லிமீட்டர் மழை. பாட்டிலின் அடி சமமாக இல்லாததால் ஸ்கேல் ஒட்டவில்லை, சிரிஞ்சில் உறிஞ்சி அளக்கிறேன். வானிலை ஆய்வு மையத்தைப் போலவே நானும் காலை 8.30 மணிக்குக் கணக்கு முடிக்கிறேன்.

முதல் ஐந்து நாள் கணக்கை அடித்துவிட்டேன். பாட்டில் சில்வர் ஓக் மரத்துக்கு அருகில் இருந்தது. சந்தேகம் வந்து மாடியில் இன்னொன்றை வைத்தேன். அன்றிரவு மரத்தருகே 9 மில்லிமீட்டர், மாடியில் 16. மழையில் கிட்டத்தட்ட பாதியை மரம் தன் இலைகளிலேயே வாங்கிக்கொண்டிருக்கிறது!

அளப்பதோடு, மறுநாள் மழை உண்டா இல்லையா என்று ஒவ்வொரு மாலையும் நோட்டில் எழுதினேன். முதல் பத்து நாள் மாவட்டத்துக்கான முன்னறிவிப்பை மட்டும் நம்பி எழுதியதில் நான்குதான் பலித்தது. முன்னறிவிப்பின் மேல் குறை சொல்ல மாட்டேன். நீலகிரி ஒரே மாவட்டம் என்றாலும் ஒரே மழை இல்லை. கூடலூரும் அவலாஞ்சியும் ஆடி மழைக்கு முகம் கொடுக்கும் மேற்குச் சரிவுகள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான், அதுவும் கிழக்கிலிருந்து வீசும் கீழைக்காற்று வந்தால்தான்.

எனவே பதினோராம் நாளிலிருந்து காற்றின் திசையையும் குறிக்கத் தொடங்கினேன். மாடிக் கம்பியில் கட்டிய துணிநாடாவே என் திசைகாட்டி. அதற்குப் பிறகு பதினைந்து நாளில் பதினொன்று பலித்தது. சென்னைக்கு அருகே தாழ்வு மண்டலம் வந்தபோது இங்கும் கொட்டும் என்று நினைத்தேன். நாடா வடமேற்குக் காற்றைக் காட்டியது, வானம் வெளுத்துக் கிடந்தது. அந்தக் காற்று மேற்கு மலைகளைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது வறண்டுவிடுகிறது. சுழற்சி தெற்கே குமரிக்கடலுக்கு நகர்ந்தபோது கதை மாறியது. வங்கக்கடலின் ஈரக்காற்று சமவெளியைக் கடந்து நேராக நம் சரிவில் முட்டி மேலேறியது. பிற்பகல் இரண்டு மணிக்கே மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மஞ்சு ஏறி, தேயிலைத் தோட்டம் கண்ணுக்குத் தெரியாமல் போனது. மறுநாள் காலை பாட்டிலில் 64 மில்லிமீட்டர்.

அந்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை. 2009 நவம்பர் 10 அன்று குன்னூர் அருகே உள்ள கேத்தியில் 24 மணி நேரத்தில் பதிவானது 82 சென்டிமீட்டர். என் பாட்டில் அந்த மழையில் நின்றிருந்தால் கிட்டத்தட்ட நான்கு முறை நிரம்பி வழிந்திருக்கும். மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றும் குமரிக்கடல் வழியாக அரபிக்கடலுக்குப் போன தாழ்வுதான், அதுவே பிறகு பயான் புயலானது. தெற்கே சுழற்சி, இங்கே விடாத கீழைக்காற்று, ஏற்கெனவே ஊறிய மண். இந்த மூன்றும் சேர்ந்தால் சரிவின் ஓரத்தில் குடியிருப்பவர்கள் வானிலை எச்சரிக்கையின் நிறம் மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும்வரை காத்திருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

கார்த்திகைக்கு என் கணிப்பு: கீழைக்காற்று நிற்கும்வரை மழை விட்டுவிட்டு வரும். காற்று அடங்கி, இரவில் நட்சத்திரம் தெளிந்தால் தாழ்ந்த புல்வெளிகளில் உறைபனி விழத் தொடங்கும். அதற்காகத் தரையோரம் ஒரு வெப்பமானி வைக்கப் போகிறேன்.

நேற்று மாலை பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் வேலியருகே நின்று, "தம்பி, நாளைக்கு உரம் போடலாமா?" என்று கேட்டார். நாடாவைப் பார்த்தேன், கிழக்கு. "இரண்டு நாள் பொறுங்கள் ஐயா, கரைந்து ஓடிவிடும்" என்றேன். இன்று காலை பாட்டிலில் 22.