உபுத் நாட்குறிப்பு: தும், தெக், இடுப்பு

22 செப்டம்பர் 2024, ஞாயிறு

டென்பசாரில் இறங்கி, வருகை விசாவுக்கு 5 லட்சம் ருபியா கட்டிவிட்டு வெளியே வந்தபோதே புடவையெல்லாம் ஈரம். பாலிக்கு வரும் வெளிநாட்டவர்களிடம் இந்தப் பிப்ரவரியிலிருந்து வாங்கும் 1,50,000 ருபியா சுற்றுலா வரியை ஊரிலிருந்தே கட்டியாகிவிட்டது. உபுத் வரும் வழி முழுக்க மூங்கில். லாரியில் மூங்கில், வீட்டு வாசலில் மூங்கில், திண்ணையில் உட்கார்ந்து குருத்தோலை பின்னும் பெண்கள். புதன்கிழமை கலுங்கான் பண்டிகையாம். 210 நாள் சுற்றில் வரும் பெரிய நாள், முன்னோர்கள் வீட்டுக்கு வரும் நாள்.

நான் வந்திருப்பது பெல்லி டான்ஸ் முகாமுக்கு. கிளம்பும்போது அம்மா, "போறதுதான் போற, யாருகிட்டயும் சொல்லிட்டுத் திரியாத" என்றாள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். சிறுவயதில் பரதம் கற்றவள் நான், அரங்கேற்றமும் ஆனது. அதைச் சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்தச் சொன்னதில்லை.

23 செப்டம்பர், திங்கள்

காலை ஆறரைக்கு வகுப்பு. நாலு பக்கமும் திறந்த மரக் கூடம், மேலே அலங்-அலங் புல் கூரை, கீழே வயல். கண்ணாடி கிடையாது. "கண்ணாடி இருந்தா உங்களைப் பார்ப்பீங்க, பாட்டைக் கேட்கமாட்டீங்க" என்றார் ஆசிரியை. கெய்ரோவில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். அடுத்து செய்த காரியம், எல்லோரும் ஆசையாய்க் கட்டிக்கொண்டு வந்திருந்த காசு கோத்த இடுப்புத் துணிகளை அவிழ்த்து ஒரு கூடையில் போடச் சொன்னது. காசுச் சத்தம் தவறை மூடிவிடும் என்பது அவர் கணக்கு. வெறும் பருத்தித் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றோம்.

எனக்கு முதல் சிக்கல் நிற்பதிலேயே. பாதம் தானாகப் பக்கவாட்டில் திரும்புகிறது, முழங்கால் அரைமண்டிக்கு இறங்குகிறது. பரதத்தில் உடம்பு நடுக்கோட்டிலிருந்து கோணம் கோணமாக விரியும், இடுப்பு தனியாக ஒன்றும் செய்யாது. செய்தால் வாத்தியார் தட்டுக்கழியால் தரையில் தட்டுவார். இங்கே பாதம் இரண்டும் இணையாக, முட்டி லேசாகத் தளர்ந்து, வால் எலும்பு நேரே கீழே. பக்கத்தில் நின்ற ஈப்போக்காரத் தங்கை, "அக்கா, மறுபடி அரைமண்டியா நிக்கிறீங்க, பாதத்தச் சேருங்க" என்று ஓயாமல் திருத்தினாள். மலேசியத் தமிழ்ப் பெண், தாதி. இரவுப் பணி முடித்துக் கற்றுக்கொண்ட ஆட்டமாம்.

இன்று முழுதும் இரண்டே அசைவு. ஒன்று ஷிம்மி. இடுப்பை ஆட்டுவது என்றுதான் நினைத்திருந்தேன், ஆட்டுவது முழங்கால். ஒன்று மடங்க, ஒன்று நிமிர, மாறி மாறி, சிறிதாக, வேகமாக. பிட்டத்துத் தசையை இறுக்காமல் விட்டால் இடுப்பு தானே நடுங்கும். இறுக்கினால் நின்றுவிடும். இரண்டாவது, இடுப்பை விடுவது. ஒரு காலில் முழு எடை, மறு பாதம் விரல் மேட்டில். அந்தப் பக்கத்து இடுப்பைத் தூக்கி, தாளத்தின் அடி விழும் இடத்தில் விட வேண்டும். தள்ளுவதில்லை, விடுவது. ஆசிரியை நடந்து வந்து என் விலா எலும்பின் இரு பக்கமும் விரலை வைத்துக்கொண்டு, "இது அசையக் கூடாது, இதுக்குக் கீழ மட்டும்" என்றார். மார்புக் கூடு சும்மா இருக்க இடுப்பு மட்டும் இறங்கியது. ஒருமுறைதான் சரியாக வந்தது. அந்த ஒருமுறை எப்படி இருந்தது என்பது உடம்பில் இன்னும் இருக்கிறது.

மதியம் சோறு, தெம்பே வறுவல், வள்ளைக்கீரை, வெங்காயமும் எலுமிச்சைப் புல்லும் பச்சையாக நறுக்கிப் போட்ட சம்பல். சாப்பிட்டதும் தூக்கம்.

24 செப்டம்பர், செவ்வாய்

இன்று தாளம். தர்புகா வாசிப்பவர் வந்திருந்தார். எகிப்தில் அதைத் தப்லா என்றே சொல்கிறார்கள், நம் இந்துஸ்தானி தபலாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மணற்கடிகை வடிவ உடல், தொடை மேல் படுக்க வைத்து வாசிப்பது. நடுவில் விழும் ஆழ்ந்த அடி தும். விளிம்பில் விழும் கூர்மையான அடி தெக்.

மக்ஸூம் தாளம்: தும் தெக் · தெக் தும் · தெக் ·

எட்டு அரை மாத்திரை, நாலு மாத்திரை. எகிப்தியப் பாட்டில் பாதி இதில்தான் நடக்கிறது. இப்போது நாலாவது இடத்தில் இருக்கும் தெக்கை மட்டும் எடுத்துவிட்டு அங்கே ஒரு தும் போடுங்கள்.

சைதி: தும் தெக் · தும் தும் · தெக் ·

ஒரே ஓர் அடிதான் மாறியது. ஆனால் உடம்பு முழுதாக மாறிவிடுகிறது. மக்ஸூமில் நகரத்து நடை, சைதியில் மண்ணில் காலூன்றிய நடை. சைத் என்பது எகிப்தின் தென்பகுதி, நைல் பள்ளத்தாக்கின் மேல்நாடு. அந்த ஊர் ஆண்களின் கம்பு விளையாட்டு தஹ்தீப், 2016 இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அதிலிருந்து பெண்கள் எடுத்துக்கொண்டதுதான் கைத்தடி ஆட்டம். ஆண் கம்பில் காட்டும் வீச்சைப் பெண் தடியில் விளையாட்டாக ஆடிக் காட்டுவாள், தோளில் வைத்து, இடுப்பில் தட்டி, ஒரு விரலில் சுழற்றி. சிலம்பம் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது அந்நியமாகவே இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு தும் விழும்போது மட்டும் இடுப்பை விடச் சொன்னார். தெக் வந்தால் சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பது அத்தனை கடினம். சொல்லுக்கட்டு வாயால் சொல்லிப் பழகிய எனக்கு இங்கே ஒரு வசதி இருந்தது, மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஆடினேன். தர்புகாக்காரர் அதைக் கவனித்துவிட்டு, "வாயால சொல்லுங்க, எல்லாரும் சொல்லட்டும்" என்றார். ஜப்பான், ஆஸ்திரேலியா, ஈப்போ, சென்னை, எல்லோரும் தும் தெக் சொன்னோம்.

வாசலில் பெஞ்சோர் ஏறிவிட்டது. உச்சி வளைந்து தெருவின் மேல் தொங்கும் உயரமான மூங்கில், நெற்கதிரும் தேங்காயும் ஓலைப் பின்னலுமாக. தெரு முழுக்க வரிசையாக.

25 செப்டம்பர், புதன், கலுங்கான்

காலை வகுப்பு இல்லை. விடுதியில் வேலை செய்யும் அக்கா வெள்ளைக் கெபாயா உடுத்தி, தலையில் படையல் அடுக்கைச் சுமந்து கோயிலுக்குப் போனார். எங்களுக்கும் ஒரு தட்டு லாவார் வந்தது. காயும் தேங்காய்த் துருவலும் இறைச்சியும் அரிந்து கலந்தது. சைவக்காரர்களுக்குப் பலாக்காயில் தனியாகச் செய்திருந்தார்கள்.

மாலையில் ஆசிரியை வரலாறு பேசினார். ஆட்டத்தைவிட இதற்காகவே வந்தேன் என்று தோன்றுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாக.

எகிப்தில் கவாஸி என்று ஒரு பிரிவு, தெருவிலும் திருமணத்திலும் ஆடியவர்கள். அவாலிம் என்று இன்னொரு பிரிவு, பாட்டும் கவிதையும் கற்றவர்கள், வீட்டுப் பெண்கள் கூடும் அறைகளில் பாடியவர்கள். 1834 இல் எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷாவின் அரசு கெய்ரோவில் பெண்கள் பொதுவில் ஆடுவதைத் தடை செய்தது. ஆடியவர்களைத் தெற்கே எஸ்னா, கெனா, அஸ்வான் பக்கம் அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு எகிப்துக்கு வந்த ஐரோப்பியப் பயணிகள் நாட்டியம் பார்க்க அங்கேயே தேடிப் போனார்கள். பார்த்து ரசித்தவர்கள் ஊர் திரும்பி எழுதியபோது ஆடியவளைக் கேவலப்படுத்தி எழுதினார்கள். தடை போட்டவர்களும் ஆண்கள், தேடிப் போனவர்களும் ஆண்கள். ஊரைவிட்டு விரட்டப்பட்டது ஆடியவள்.

எனக்கு நம் ஊர்தான் ஓடியது. 1947 இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பெண்களைப் பொட்டுக்கட்டுவது நின்றது, அது நல்லதே, அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் பரதத்தின் பழைய வடிவமான சதிரை உயிரோடு வைத்திருந்த குடும்பங்களின் கையிலிருந்து ஆட்டம் நழுவி, பெயர் மாற்றிக்கொண்டு, என்னைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள் கற்கும் மதிப்பான கலையானது. நான் கற்ற அடவுகள் யார் வீட்டுச் சொத்து என்று என் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. பாலசரஸ்வதி மட்டும் அந்தப் பரம்பரையிலிருந்து நிமிர்ந்து நின்று சிருங்காரத்தை விட்டுக்கொடுக்காமல் பேசினார். அவர் பேசியதைப் படித்துத்தான் எனக்கே தெரிந்தது.

எகிப்தில் 1926 இல் பாதியா மசாப்னி என்ற ஆட்டக்காரி கெய்ரோவில் தன் இசைக்கூடத்தைத் திறந்தார். வீட்டுக்குள் நின்ற இடத்தில் ஆடிய ஆட்டம் மேடையின் அகலத்துக்கு விரிந்தது அங்கேதான், கைகள் உயர்ந்தது, நடை சேர்ந்தது. பெயர்பெற்ற ஆட்டக்காரிகள் தஹியா கரியோக்காவும் சாமியா கமாலும் அவரிடமிருந்து வந்தவர்கள். 1959 இல் மஹ்மூத் ரெடா தொடங்கிய குழு கிராமிய ஆட்டங்களை அரங்குக்குக் கொண்டுவந்தது. இத்தனை பேர் உழைத்த கலையைப் படுக்கையறைச் சமாச்சாரம்போல் பேசுவது எனக்குக் கோபம் வரவழைக்கிறது. கற்க வருபவர்கள் இந்தப் பெயர்களையாவது தெரிந்துகொண்டு இடுப்பில் துணி கட்ட வேண்டும்.

27 செப்டம்பர், வெள்ளி

நேற்று எழுதவில்லை, தொடை வலி. மஞ்சளும் புளியும் கலந்த ஜாமு குடித்துப் படுத்துவிட்டேன்.

இன்று தக்ஸீம், தாளம் இல்லாத தனி வாசிப்புக்கு ஆடுவது. ஆலாபனை என்று வைத்துக்கொள்ளலாம். வயலினோ, கானூன் என்ற தந்தி வாத்தியமோ இழுக்க, உடம்பு மெதுவாக வளைய வேண்டும். வயிற்று அலையை இன்றுதான் தொட்டோம். மேல்வயிறு உள்ளே, அடுத்து நடு, அடுத்து அடிவயிறு. பிறகு அதே வரிசையில் வெளியே. எனக்கு அடிவயிற்றில் சிசேரியன் தழும்பு இருக்கிறது. அதற்குக் கீழே இத்தனை வருஷம் உணர்ச்சி மங்கித்தான் கிடந்தது. புடவைக் கொசுவத்தைச் செருகும் இடம், அவ்வளவுதான் எனக்கும் அதற்கும் உறவு. ஆசிரியை மல்லாந்து படுக்கச் சொல்லி, உள்ளங்கையைத் தழும்பின் மேல் வைத்து, மூச்சை வெளியே விடும்போது அந்த இடத்தை மட்டும் முதுகெலும்பை நோக்கி இழுக்கச் சொன்னார். முதலில் எதுவும் நடக்கவில்லை. பிறகு கைக்குக் கீழே ஏதோ ஒரு சின்ன இழுப்பு. திரும்பவும். மூன்றாவது மூச்சில் நிச்சயமாக என் கட்டளைக்குத்தான் அது நகர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈப்போத் தங்கை ஒன்றும் கேட்காமல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

28 செப்டம்பர், சனி

தெருவில் ஙெலாவாங். கலுங்கானுக்கும் அதன் பத்தாம் நாள் வரும் குனிங்கானுக்கும் நடுவில் பிள்ளைகள் பாரோங் என்ற காவல் விலங்கின் உருவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள், பின்னால் சிறு கொங்கும் ஜால்ராவுமாக. பத்து வயசுப் பையன் கைத்தாளம் போட்டதை நாங்கள் மக்ஸூமில் எண்ணிப் பார்த்தோம், பொருந்தவில்லை. அதன் கணக்கே வேறு.

இரவு பெலியாத்தானில் லெகோங், பாலிப் பெண்களின் நடனம். பக்கத்து ஊர்தான். 1931 இல் பாரிஸ் காலனிக் கண்காட்சிக்கு ஆடப் போன குழு அந்த ஊருடையது. முட்டி மடங்கி, முழங்கை உயர்ந்து, கண் மட்டும் பளிச்சென்று பக்கம் மாறும். 1971 இல் இங்குள்ளவர்கள் கூடிப் பேசி, கோயிலுக்குள் மட்டும் ஆட வேண்டியது எது, சடங்கோடு சேர்ந்து ஆடுவது எது, யாருக்கும் ஆடிக் காட்டலாம் என்பது எது என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆடுகிற ஊரே உட்கார்ந்து முடிவு செய்தது எனக்குப் பிடித்திருக்கிறது.

29 செப்டம்பர், ஞாயிறு

கடைசி நாள். காசுத் துணியைத் திருப்பிக் கொடுத்தார்கள். கட்டிக்கொண்டு ஆடியபோது முதல் நாள் அவர் சொன்னது புரிந்தது: இப்போது காசு தாளத்தோடு விழுகிறது, தும்முக்கு ஒரு கொத்துச் சத்தம், தெக்குக்கு மௌனம். நானும் ஈப்போத் தங்கையும் சேர்ந்து சைதி ஆடினோம். பார்வையாளர்கள் விடுதியில் வேலை செய்யும் பெண்களும் அவர்கள் பிள்ளைகளும்தான். அவர்கள் கைதட்டிய இடம் தவறவே இல்லை.

மார்கழிக் கச்சேரி பார்க்க அவள் சென்னை வருகிறாள். அதற்குள் நான் தினமும் அரை மணி ஷிம்மி, கைத்தடிச் சுழற்று. தர்புகாக்காரர் மக்ஸூம், சைதி, மஸ்மூதி மூன்று தாளங்களையும் மெதுவாக வாசித்துப் பதிவு செய்து தந்திருக்கிறார். 1964 இல் இசையமைப்பாளர் அப்தெல் வஹாப், எகிப்தின் பெரும் பாடகி உம் குல்தூமுக்காக முதன்முதலில் இசையமைத்த பாட்டையும் ஏற்றிக்கொண்டேன், அதன் முன்னிசைக்கு ஆடாத நடனக்காரி எகிப்தில் இல்லையாம். தடிதான் இன்னும் இல்லை. சிலம்பக் கம்பு இந்த ஆட்டத்துக்கு நீளம், பிரம்புக் கடையில் மூன்றடிக்கு வெட்டி, ஒரு முனையை வளைத்துத் தரச் சொல்ல வேண்டும்.