பிரஷ்ஷை நான் வாங்கிக்கொண்ட நாள்

பத்தாம் வகுப்பில் ஒரு மாணவிக்குக் கை நடுக்கம் உண்டு. கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது, அவள் படத்தில் ஜன்னல் கம்பிகள் கோணலாக இருந்தன. "கொஞ்சம் கொடும்மா, நான் சரி பண்ணித் தரேன்" என்று பிரஷ்ஷை வாங்கி நானே போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை. கண்காட்சி அன்று எல்லோரும் அவரவர் படத்துக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள், அவள் மட்டும் வரவில்லை. கூப்பிட்டதற்கு, "அது நீங்க வரைஞ்சது மிஸ்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். அதனால்தான் இன்னும் அதிகமாக உறைத்தது.

எல்லாப் பிள்ளைகளுக்குமான ஓவிய வகுப்பு என்று சொன்னாலே, சிரமப்படும் பிள்ளைக்குத் தனியாக ஒரு சுலபமான வேலை என்றுதான் பலரும் புரிந்துகொள்கிறார்கள். மற்றவர்கள் ஸ்டில் லைஃப் (எதிரே வைத்த பொருள்களைப் பார்த்து வரைவது) வரைந்துகொண்டிருக்க, அந்த ஒரு பிள்ளைக்கு வண்ணத்துப்பூச்சி அவுட்லைன் பிரின்ட், வண்ணம் தீட்டச் சொல்லி. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது என்னவென்று தெரியாதா? யார் தன்னை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை ஒவ்வொரு நிமிடமும் கவனிக்கிற வயது அது.

அப்படியானால் உதவியே செய்யக் கூடாதா என்று எனக்கும் குழப்பம் இருந்தது. அதைத் தீர்த்தது பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ். 1941இல் பெரிய அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு பெரும்பாலும் படுக்கையும் சக்கர நாற்காலியும்தான். உதவியாளர்கள் அவர் சொன்ன நிறத்தைத் தாளில் பூசித் தருவார்கள், அவர் கத்தரிக்கோலால் வெட்டுவார், வெட்டிய துண்டுகளை அவர் காட்டும் இடத்தில் அவர்கள் சுவரில் குத்துவார்கள். எத்தனையோ கைகள் பட்ட வேலை அது. ஆனால் எந்த நிறம், எந்த வடிவம், எந்த இடம் என்பதெல்லாம் அவர் முடிவு. நான் அந்த ஜன்னலில் பிடுங்கிக்கொண்டது முடிவைத்தான். கம்பி நேராக இருக்க வேண்டும் என்று அவள் சொல்லவே இல்லை, நானாக நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் வகுப்பில் சில விஷயங்களை மாற்றினேன். ஸ்பாஞ்ச் சுற்றிய தடிமன் பிரஷ், தாள் நகராமல் ஒட்ட மாஸ்கிங் டேப், சாய்த்து வைக்கும் பலகை, கையில் பசை பட்டால் பொறுக்காதவர்களுக்குக் கையுறை, எல்லாம் நடு மேசையில் பொதுவாக இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஏன் என்று கேட்க மாட்டேன். தடிமன் பிரஷ்ஷை எந்தச் சிரமமும் இல்லாத பிள்ளைகளும் எடுக்கிறார்கள், அதனால் அது யாருடைய அடையாளமாகவும் ஆகவில்லை.

நிறம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத குறைபாடு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்கு உண்டு, பெண்களில் 200 பேரில் ஒருவருக்கு. மற்ற இடங்களில் விகிதம் மாறும், ஆனாலும் பெரிய வகுப்பு என்றால் ஒருவராவது இருப்பார் என்று நினைத்தே திட்டமிடுங்கள். என் வகுப்பில் ஒருவன் இலைக்குப் பழுப்பு அடித்ததும் எல்லோரும் சிரித்தார்கள், அவனுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இப்போது எல்லா டியூபிலும் நிறத்தின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், வண்ணத்துக்கு முன்னால் ஒரே நிறத்தில் வெளிச்சமும் நிழலும் மட்டும் வைத்து ஒரு படம் எல்லோரும் செய்கிறோம். அதில் அவன்தான் வகுப்பிலேயே கூர்மை.

காது கேளாத மாணவர் இருக்கும் வகுப்பில் செய்து காட்டிக்கொண்டே பேசாதீர்கள். என் கையையும் பார்த்து, உதட்டையோ சைகையையோ எப்படி ஒரே நேரத்தில் பார்ப்பது? முதலில் சொல்லிவிட்டு, பிறகு பேசாமல் செய்து காட்டினால் போதும். மற்ற பிள்ளைகளும் அமைதியாகக் கவனிக்கிறார்கள்.

பார்வையில்லாத மாணவருக்குப் பசையால் கோடு போட்டுக் காயவிட்டால் விரலுக்குத் தட்டுப்படும், நூல் ஒட்டலாம், களிமண் இருக்கிறது. ஆனால் பொருளைவிட நாம் கொடுக்கும் தலைப்பு முக்கியம். 'சூரிய அஸ்தமனம்' என்றால் அவருக்குக் கதவு மூடிவிடும், 'சத்தம் அதிகமான ஓர் இடம்' என்றால் எல்லோருக்கும் திறக்கும். வங்காள ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜி 1950களில் பார்வையை முழுதாக இழந்த பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டிப் படம் செய்தார், செராமிக் ஓடுகளில் பெரிய சுவரோவியமே செய்தார். இதைப் பரிதாபக் கதையாகச் சொல்லாமல், அந்த வெட்டுகளில் வடிவம் எப்படி நிற்கிறது என்று பேசினால் பிள்ளைகள் அவரை ஓவியராகப் பார்ப்பார்கள்.

மதிப்பெண்ணுக்கு இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன்: என்ன முயன்றாய், நடுவில் எதை மாற்றினாய், ஏன்? எழுதலாம், பேசலாம், சைகையில் சொல்லலாம்.

அந்த மாணவி அடுத்த வருடமும் ஜன்னல்தான் வரைந்தாள். இந்த முறை பெரிய தாள், கரித்துண்டு. ஒவ்வொரு கம்பியும் நடுங்கி இறங்கியது, வெயிலில் அனல் அசைவதைப் போல. நான் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "இன்னும் கொஞ்சம் கீழ சாய்ங்க மிஸ்" என்றாள், சாய்த்தேன்.