வேற்றுக்கிரகவாசிகளின் டெலிபதி எவ்வளவு தூரம் எட்டும்?

வேற்றுக்கிரகவாசிகளின் உடல் வலிமையைப் பற்றி எழுதும்போது அறிவியல் புனைகதை ஆசிரியர்கள் காட்டும் கண்டிப்பு, அவர்களுடைய மன ஆற்றலைப் பற்றி எழுதும்போது காணாமல் போய்விடுவது என்னை நெடுநாளாக உறுத்தி வருகிறது. ஓர் உயிரினம் வேகமாக ஓடுகிறது என்றால் அதன் கால்கள் எப்படி அமைந்திருக்கும், எதைத் தின்று அவ்வளவு ஆற்றலைப் பெறுகிறது என்றெல்லாம் யோசிக்கிறவர்கள், அதே உயிரினம் பிறர் மனத்தைப் படிக்கிறது என்று எழுதும்போது எந்த உறுப்பைக் கொண்டு படிக்கிறது, எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கிறது, இடையில் ஒரு சுவர் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. பிறர் மனத்தைப் படிக்கும் இந்த டெலிபதியும் உடலின் ஒரு திறன்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்ட கதைகள் குறைவு. என் நினைவில் நிற்பவை அவைதான்.

இந்த வேறுபாடு தொடக்கத்திலேயே தென்படுகிறது. 1898இல் நூலாக வெளிவந்த எச். ஜி. வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாவலில், செவ்வாய்வாசிகளின் உடல் கணக்குப் பார்த்து உருவாக்கப்பட்டிருக்கிறது. செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் ஏறத்தாழ 38 விழுக்காடுதான் என்பதால், இங்கே இறங்கியதும் அவர்களுடைய எடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. தசையின் வலிமையோ கூடவில்லை. எனவே வெறுந்தரையில் திணறும் அவர்கள், இயந்திரங்களுக்குள் ஏறிய பிறகே அஞ்சத் தக்கவர்களாகிறார்கள். ஆனால் அவர்களுடைய டெலிபதியைப் பற்றி வரும்போது, ஒலியோ சைகையோ இல்லாமல் நான்கைந்து பேர் சிக்கலான வேலைகளைச் சேர்ந்து செய்வதைக் கண்டதாகக் கதைசொல்லி கூறுகிறார், அத்துடன் முடிந்தது.

உடலை எழுதுவதில் ஹால் கிளெமென்டை மிஞ்சியவர் இல்லை என்பது என் கருத்து. 1953இல் தொடராக வந்த 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' நாவலில் வரும் மெஸ்க்லின் கோள், மிக வேகமாகச் சுழல்வதால் தட்டையாகி, நடுக்கோட்டில் பூமியைப் போல 3 மடங்கும் துருவங்களில் ஏறத்தாழ 700 மடங்கும் ஈர்ப்புக் கொண்டதாக இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் பூரானைப் போல் பல கால்களுடன் தரையோடு ஒட்டி ஊரும், ஒன்றேகால் அடி நீளமே உள்ள உயிர்கள். துருவப் பகுதியில் சில அங்குல உயரத்திலிருந்து விழுந்தாலே சாவு என்பதால் தாவுவது, எறிவது போன்ற செயல்கள் அவர்களுடைய கற்பனைக்குக்கூட எட்டுவதில்லை. கனமான பொருள் எதுவும் தலைக்கு மேல் நின்றால் நடுங்கிப்போகிறார்கள். கப்பல் தலைவன் பார்லென்னன் ஈர்ப்புக் குறைந்த பகுதியில் மனிதர்களோடு பழகி, அந்த அச்சத்தைச் சிறிது சிறிதாகக் கடந்து வருவதைப் படிக்கையில், ஒரு கோளின் ஈர்ப்பு எவ்வாறு ஓர் இனத்தின் குணமாகவே படிந்துவிடுகிறது என்பது விளங்குகிறது.

இதற்கு நேர்மாறான சோம்பேறித்தனமும் உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரில், பாதி வேற்றுக்கிரகவாசியான ஸ்பாக் பிறர் மனத்தோடு தன் மனத்தைச் சேர்க்கும் மன இணைப்பு 1966இல் முதன்முதலாக வந்தபோது, எதிரிலிருப்பவரின் முகத்தில் விரல்களை வைத்துச் செய்ய வேண்டிய ஒன்றாக இருந்தது. நல்ல கட்டுப்பாடு அது. ஆனால் சில மாதங்களிலேயே, இன்னோர் அத்தியாயத்தில், சுவருக்கு அப்பால் நிற்கும் காவலாளியின் மனத்தை அவர் தூண்டிவிடுகிறார். 1967இல் கண்பார்வை இழந்த ஸ்பாக்கைக் காப்பாற்றுவதற்கு, அதுவரை யாரும் குறிப்பிடாத ஓர் உள் இமை அவருக்கு முளைத்துவிட்டது. ஸ்பாக்கை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனால்தான் இந்த வருத்தம்.

மூளையில் மின்செயல்பாடு இருக்கிறது, அதை வெளியிலிருந்து அளக்கவும் முடிகிறது என்பது உண்மை. ஜெர்மன் மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்ததற்கே, டெலிபதியின் மீது அவருக்கிருந்த நம்பிக்கை ஒரு தூண்டுதல். ஆனால் அவர் கண்டுபிடித்த அலைகள் உச்சந்தலையில் சில பத்து மைக்ரோவோல்ட் அளவே உள்ளவை. தலையை விட்டு விலகினால் சூழலின் இரைச்சலில் கரைந்துவிடும். மனித மூளையை எதிர்ச்சுவரோரம் நின்று படிக்கும் வேற்றுக்கிரகவாசிக்கு இது பெரிய சிக்கல்.

ஆனால் தன் இனத்தோடு பேசுவதற்கென்றே ஓர் உறுப்பு வளர்ந்திருந்தால் நிலைமை மாறுகிறது. தென்னமெரிக்க ஆறுகளில் வாழும் ஐகன்மேனியா என்ற மீன், உடலைச் சுற்றி வலுக்குறைந்த மின்புலத்தை இடைவிடாமல் உண்டாக்கி, அதில் ஏற்படும் மாறுதல்களைக் கொண்டு கலங்கிய நீரிலும் வழியறிகிறது. ஏறத்தாழ ஒரே அதிர்வெண் கொண்ட இரண்டு மீன்கள் நெருங்கினால் இரண்டும் குழம்பிப்போகும் என்பதால், ஒன்று தன் அதிர்வெண்ணைக் கூட்டிக்கொள்ள, மற்றது குறைத்துக்கொள்கிறது. டெலிபதிக்கு நெரிசலும் இடையூறும் உண்டு என்பதைக் கதாசிரியர்கள் இந்த மீனிடம் கற்றிருக்கலாம்.

வெர்னர் விஞ்சி 1992இல் எழுதிய 'எ ஃபயர் அப்பான் தி டீப்' நாவலில் வரும் டைன்கள் இந்த வகையில் என்னை வியக்கவைத்தவர்கள். நாய் போன்ற நான்கு முதல் எட்டு உடல்கள் சேர்ந்தால்தான் அங்கே ஓர் ஆள். தனித்த உடல் வெறும் விலங்கு. அவ்வுடல்களை ஒரே மனமாக இணைப்பது மீயொலி. ஒலி என்பதால் அது குறுகிய தூரத்துக்கு மேல் பயன்படாது, பக்கத்திலுள்ள இன்னோர் ஆளின் ஒலியோடும் கலந்துவிடும். எனவே இரண்டு டைன்கள் எப்போதும் இடைவெளி விட்டே பேசிக்கொள்கிறார்கள். நெருங்குவது சண்டைக்கோ கலவிக்கோ மட்டும்தான், அப்போது தெளிவான சிந்தனை போய்விடுகிறது. கூட்டத்தில் ஓர் உடல் இறந்து வேறொன்று சேர்ந்தால் குணமும் மாறுகிறது. மனிதர்களின் வானொலி கைக்கு வந்ததும், ஒரே ஆள் தன் உடல்களைத் தொலைவில் பரப்பி வைக்க முடிகிறது. அரசியலே அதனால் புரண்டுவிடுகிறது. இத்தனைக்கும் விதை, ஒலி எவ்வளவு தூரம் செல்லும் என்ற எளிய கேள்விதான்.

சீன எழுத்தாளர் லியூ சிஷினின் நாவல்களில் வரும் ட்ரைசோலாரியர்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளுக்கு நினைப்பதும் சொல்வதும் ஒன்றே. மூளையின் எண்ணம் அப்படியே வெளியே தெரிகிறது. மனிதர்களால் பொய் சொல்ல முடியும் என்று அறிந்து அவர்கள் அஞ்சுவது 2008இல் வந்த 'தி டார்க் ஃபாரஸ்ட்' நாவலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. முந்தைய நூலில், பூமியிலிருந்து வந்த செய்தியைப் பெற்ற ஒரு கேட்பாளர், பதில் அனுப்பாதீர்கள் என்று நமக்கு எச்சரிக்கை அனுப்பிவிடுகிறாரே, ஒளிவுமறைவற்ற இனத்தில் அது எப்படிச் சாத்தியம் என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. அவர் தனியாகப் பணியாற்றும் நிலையத்தில் அவருடைய எண்ணத்தைப் பார்க்க அருகில் யாரும் இல்லை. பின்னர் தலைவர் முன் நிறுத்தி விசாரிக்கும்போது அவர் எதையும் மறைப்பதும் இல்லை.