இட்டேரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு

நம் பள்ளிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுது என்று செயலாளர் கேட்டபோது, ஆண்டுவிழா பற்றியும் மரத்தடி வகுப்பு பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் நம் பேட்ச்சில் பைக் ரேஸுக்குப் போனவனைப் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். 2006இல் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு அவனை நன்றாகத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவன் ரேஸ் ஓட்டிய காலத்தில் ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் குறித்தது நான்தான்.

அவர்கள் தோட்டம் கோவைக்குப் பக்கத்தில், செட்டிபாளையத்துக்கு அந்தப் பக்கம். தென்னை, கொஞ்சம் சோளம், சில மாடுகள். அவன் அப்பா தினமும் காலையில் டிவிஎஸ் 50இல் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவார். 1980இல் அந்த வண்டி வந்த பிறகு கொங்குப் பக்கத்துத் தோட்டங்களில் அது ஏறக்குறைய ஒரு பண்ணை ஆள் மாதிரி ஆகிவிட்டது. தீவனம், உரமூட்டை, பிள்ளைகள் என எல்லாம் அதில்தான் போகும். முன்னால் நின்றபடி ஹேண்டில்பாரைப் பிடித்துப் பழகிய பையன், கால் தரையில் எட்டியதும் தானே ஓட்ட ஆரம்பித்தான். வீட்டிலிருந்து தோட்டத்துக் கேட் வரை கிளுவை வேலிக்கு நடுவே போகும் இட்டேரிதான் அவனுக்குக் கிடைத்த முதல் தடம். கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு வரக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. செம்மண் பொடியில் பின்சக்கரம் வழுக்கும். வழுக்கும்போது பிரேக்கை இறுக்காமல், வண்டி நேராகிறவரை பொறுத்திருக்க வேண்டும் என்பதை அவன் அங்கேதான் கற்றான்.

அவன் அப்புச்சி ரேக்ளா என்கிற மாட்டுவண்டிப் பந்தயம் ஓட்டியவர். நம் ஊர்ப் பக்கம் இருநூறு மீட்டர், முந்நூறு மீட்டர் என்று தூரம் வைத்துக் கடிகாரம் பிடித்து நடத்துவார்களே, அந்தப் பந்தயம். பேரன் டிவிஎஸ் 50இல் வளைவு திரும்புவதைத் திண்ணையில் இருந்து பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு சக்கரத்தையே பார்க்கிற? போற இடத்தைப் பாரு, வண்டி தானா வரும்" என்று சொன்னாராம். பின்னாளில் ரேஸ் பயிற்சியில் சேர்ந்தபோது அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் இதுதான். வளைவுக்குள் நுழையும் முன்பே கண் அதன் முடிவுக்குப் போயிருக்க வேண்டும். பார்வை எங்கே போகிறதோ, தோளும் இடுப்பும் அங்கே திரும்பும்.

நாங்கள் பத்தாம் வகுப்புக்கு வந்த 2003இல் அவர்கள் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். வளைவுக்கு மேல் வளைவாக நெருக்கமான தடம். குறைந்த செலவில் பந்தயக் கார்களைக் கோவையிலேயே கட்டி எத்தனையோ இளைஞர்களை ஓட்டவைத்த எஸ். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் மறைந்தார். தடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். நம் ஊருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. கலங்கல் கிராமத்துப் பையனாக இருந்த ஜி.டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டிய கதை நமக்கெல்லாம் பாடம் மாதிரி. 2005இல் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரானபோது, பள்ளியில் கிரிக்கெட் பேச்சே கொஞ்ச நாள் நின்றுபோனது.

அந்த வருஷம்தான் எங்கள் இயற்பியல் சார் கதைக்குள் வருகிறார். ஆர்எக்ஸ் 100 என்றால் பையன்கள் பைத்தியமாக இருந்த காலம். பொள்ளாச்சி ரோட்டில் லைசென்ஸ் இல்லாமல் இரண்டு மூன்று பேர் வேகம் பார்ப்பதும், அதில் நம்மாளும் இருப்பதும் சார் காதுக்குப் போய்விட்டது. எல்லோரும் பெற்றோரை வரச்சொல்வார், டிசி கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தோம். அவரோ மாலையில் லேபுக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். துணைக்கு நானும் போனேன்.

கரும்பலகையில் ஒரு வளைவு வரைந்தார். ஆரம் 50 மீட்டர். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வண்டியை வளைவுக்குள் திருப்பத் தேவைப்படும் மையநோக்கு முடுக்கம் எவ்வளவு என்று கேட்டார். 2. அதே வளைவில் 72இல் போனால்? 8. "வேகம் ரெண்டு மடங்கு, தேவைப்படற விசை நாலு மடங்கு. அந்த விசையை யார் தர்றாங்க தம்பி?" டயர் ரோட்டைத் தொடுகிற உள்ளங்கையளவு இடம்தான் தருகிறது. அந்த இடத்தில் மணலோ சாணியோ ஆயிலோ கிடந்தால் தருவதற்கு எதுவுமில்லை. 36இல் போனால் ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்தால் போதும், 72க்கு 39 டிகிரி சாய வேண்டும் என்பதையும் அவனையே கணக்குப் போடவைத்தார். ரோட்டில் எதிரே லாரி வரும், குழந்தை ஓடிவரும், நாய் குறுக்கே வரும். வேகமாக ஓட்ட ஆசையிருந்தால் அதற்கென்று இடம் கட்டி வைத்திருக்கிறார்கள், அங்கே போ என்றார். லைசென்ஸ் எடுக்கிறவரை பஸ்ஸில்தான் வர வேண்டும், இது என் நிபந்தனை என்றும் சொன்னார். அவன் சரி என்று தலையாட்டினான். அந்த வாக்கை மீறவேயில்லை.

சார் சென்னையில் படித்தவர். எழுபதுகளில் சோழவரத்து ரேஸ் பார்க்கப் போனவர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. போர் முடிந்த பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. வெயிலில் நின்று கூட்டத்தோடு பார்த்ததை அவர் சொல்லும்போது வகுப்பில் பார்க்காத ஒரு முகம் தெரியும். 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்ததும் சோழவரத்துக் காலம் முடிந்தது. எங்கள் இருவரையும் செட்டிபாளையத்துக்கு ரேஸ் பார்க்கக் கூட்டிப்போனவரும் அவரே. நேர்ப்பாதை பக்கம் போகவிடாமல் ஒரு வளைவின் வேலியோரம் நிறுத்தி, யார் எங்கே பிரேக் பிடிக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கச் சொன்னார். ஓட்டுகிறவர் உடம்பை உள்பக்கம் இறக்கினால், அதே வேகத்துக்கு வண்டி கொஞ்சம் குறைவாகச் சாய்ந்தால் போதும் என்பதை அன்று கண்ணால் பார்த்தோம்.

பதினெட்டு முடிந்து லைசென்ஸ் வந்தது. காலேஜ் நேரம் போக, சுந்தராபுரம் பக்கம் ஒரு பட்டறையில் அவன் வேலைக்கு நின்றான். அந்த மெக்கானிக் அண்ணன் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு பழைய வண்டியை ரேஸுக்குத் தயார் பண்ண இடமும் கருவியும் கொடுத்தார். கோவையில் இது ஒரு பெரிய வசதி. சங்கிலி ஓடும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட் வேண்டுமா, புஷ் கடைய வேண்டுமா, பக்கத்துத் தெரு லேத்தில் சாயந்திரத்துக்குள் முடிந்துவிடும். ஹெட்லைட், கண்ணாடி, ஸ்டாண்ட் எல்லாம் கழற்ற வேண்டும். ஆயில் போல்ட்டில் ஓட்டை போட்டுக் கம்பி கட்ட வேண்டும். போல்ட் கழன்று தடத்தில் ஆயில் கொட்டினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள் என்பதால், சோதனை அதிகாரிகள் முதலில் பார்ப்பது அந்தக் கம்பியைத்தான். லெதர் சூட் ஒரு சீனியரிடம் இரவல். தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்ததை அவன் அம்மா ஊசிநூலால் பிடித்துக் கொடுத்தார்.

வெளியிலிருந்து பார்த்தால் ரேஸ் என்பது ஆக்சிலேட்டரை முறுக்குவது. உண்மையில் அதை எல்லோரும் ஒரே மாதிரிதான் முறுக்குகிறார்கள். சின்ன சிசி வண்டிகளில் வித்தியாசம் வளைவுக்குள்தான் வரும், அதுவும் நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் செட்டிபாளையத்தில் அடிக்கிற காற்று உங்களுக்கே தெரியும். எதிர்க்காற்றில் தனியாக ஓட்டுகிறவனுக்கு வண்டி நகராது. முன்னால் போகிறவனின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு, அவன் கிழித்துவிட்ட காற்றில் போய், வளைவுக்கு முன் வெளியே வந்து தாண்ட வேண்டும். இட்டேரியில் தனியாகவே ஓட்டி வளர்ந்தவனுக்கு இதுதான் கடினமாக இருந்தது. இன்னொருவனின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி முழு வேகத்தில் போகும் மனசு வர ஒரு சீசன் பிடித்தது.

ஒரு பயிற்சி நாளில் விழுந்து காறை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் அவன் அம்மா யாரையும் எதுவும் சொல்லவில்லை. அப்பாதான், "போதும் சாமி" என்றார். சார் வந்து பக்கத்தில் உட்கார்ந்து எந்த இடத்தில், எந்த கியரில், எப்படி விழுந்தாய் என்று மட்டும் விசாரித்தார். பதில் தெளிவாக இருந்தது. காரணம் தெரிந்தவன் திரும்ப ஓட்டலாம் என்று அப்பாவிடம் அவர்தான் பேசினார்.

அப்புறம் தேசிய சாம்பியன்ஷிப்பில் புதியவர்களுக்கான பிரிவு. முதல் தடவை இருங்காட்டுக்கோட்டைக்கு வண்டியை டாடா ஏஸில் ஏற்றி, சேலம், கிருஷ்ணகிரி, வேலூர் வழியாக ராத்திரி முழுக்கப் போனோம். 3.7 கிலோமீட்டர் தடம், நம் ஊர்த் தடத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அங்கே நேர்ப்பாதை நீளம் என்பதால் பின் ஸ்பிராக்கெட்டில் பல் குறைத்துப் போட வேண்டும். செட்டிபாளையத்துக்குத் திரும்பும்போது மறுபடி கூட்ட வேண்டும். சென்னை வெயிலில் தார் கொதிக்கும், டயர் சீக்கிரம் வழுக்க ஆரம்பிக்கும். வண்டி தயார் பண்ணும் இடமான பிட்டில், எங்களுக்குப் பக்கத்தில், பேர்போன ரேஸர் ரஜினி கிருஷ்ணன் மாதிரி ஆட்கள் சாதாரணமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நம்மாள் சாப்பிடவேயில்லை.

ரேஸ் தொடங்க வண்டிகள் வரிசையாக நிற்கும் கிரிட்டில் அவன் பின்வரிசை. நான் சுவரோரம் வாட்ச்சோடு நின்றேன். ஒவ்வொரு லேப்பிலும் ஒருவர் இருவராகத் தாண்டி முன்னால் வந்தான். மஞ்சள் கொடி காட்டிய இடத்தில் முன்னால் போனவன் மெதுவாக்கினான். தாண்ட வழியிருந்தும் இவன் தாண்டவில்லை. மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, யாரோ விழுந்து கிடக்கலாம் என்று அர்த்தம். அன்று நடுவரிசையில்தான் முடித்தான். நான் அவனை நினைத்துப் பெருமைப்படுவது பின்னால் ஒரு சீசனில் மூன்றாவதாக வந்து மேடை ஏறிய ரேஸைவிட இந்த ரேஸுக்காகத்தான்.

பட்டம் எதுவும் வாங்கவில்லை. நம் நாட்டில் இந்த விளையாட்டு பெரும்பாலும் கம்பெனி டீம்களை நம்பி நடக்கிறது. டிவிஎஸ் 1982இலேயே ரேஸ் டீம் தொடங்கியதால்தான் எத்தனையோ தமிழ்நாட்டுப் பையன்களுக்கு வழி கிடைத்தது. டீமுக்குள் போகாதவன் டயர், பெட்ரோல், வண்டி வாடகை எல்லாம் கைக்காசில் போட வேண்டும். பால் காசில் எவ்வளவு தூரம் போக முடியும்? 2011இல் சென்னை இளைஞர் சரத்குமார் 125 சிசி உலக சாம்பியன்ஷிப்பில் ஓட்டியபோது, இவன் பட்டறையில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தான். அதற்குள் ரேஸை நிறுத்தியிருந்தான்.

சில வருஷம் கழித்து சிங்கப்பூருக்கு என்னைப் பார்க்க வந்தபோது மலேசியாவின் செபாங் ரேஸ் தடத்துக்குப் போனோம். உலகின் முதன்மையான பைக் ரேஸான மோட்டோஜிபியைவிட, மலேசியாவில் கப்சாய் என்கிற சின்ன பைக்குகளில் நடக்கும் கப் பிரி போட்டி பற்றித்தான் அவன் பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தான். ஹபீஸ் ஷாரின் அந்த மாதிரிப் போட்டிகளில் வளர்ந்து 2018இல் மோட்டோஜிபி ஓட்டிய முதல் மலேசியரானார். உலக சாம்பியன் மார்க் மார்க்கேஸ் நாலு வயதில் ஓட்டத் தொடங்கியவர். நம் பிள்ளைகள் பதினெட்டில் தொடங்கி அவர்களோடு போட்டி போடுவது எப்படி என்பது அவனுடைய கேள்வி. அதே சமயம் 2023 ஆகஸ்ட் 5 அன்று இருங்காட்டுக்கோட்டையில் பெங்களூரைச் சேர்ந்த கொப்பரம் ஸ்ரேயாஸ் ஹரீஷ் என்ற பதின்மூன்று வயதுப் பையன் ரேஸில் விழுந்து இறந்தான். அன்றிரவு போனில் நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு ஸ்பெயினில் பதினைந்து வயது டீன் பெர்ட்டா வினாலெஸ் இறந்த பிறகு, உலகப் போட்டிகளுக்குக் குறைந்தபட்ச வயதைப் பதினெட்டாக உயர்த்தினார்கள். குழந்தைகள் ஓட்டவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். சின்ன வண்டி, சின்னத் தடம், குறைந்த வேகம், பக்கத்தில் டாக்டர், இவை இல்லாமல் அவசரப்படுத்தக் கூடாது. சீக்கிரம் தொடங்குவது வேறு, சீக்கிரம் பெரிய வண்டியில் ஏற்றுவது வேறு.

இப்போது அவன் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சின்ன வண்டிகளில், வேலி போட்ட தோட்டத்து மண்ணில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறான். ஹெல்மெட், முழங்கால் பட்டை இல்லாமல் யாரும் ஏற முடியாது. ரோட்டில் வேகம் பார்த்ததாகத் தெரிந்தால் அந்தப் பிள்ளை கொஞ்ச நாள் ஓரமாக உட்கார்ந்து சங்கிலிக்கு ஆயில் போடும் வேலைதான் பார்க்கும்.

நம் சார் ஓய்வுபெற்று, சென்ற ஆண்டு காலமானார். அவர் நினைவாக என்ன செய்யலாம் என்று சங்கம் கேட்டிருக்கிறது. என் யோசனை இது. வருஷத்துக்கு ஒருமுறை பிளஸ் ஒன் இயற்பியல் மாணவர்களைச் செட்டிபாளையத்து ரேஸுக்குக் கூட்டிப்போய், நேர்ப்பாதையில் வேண்டாம், ஒரு வளைவின் வேலியோரம் நிறுத்த வேண்டும். விளக்கிச் சொல்ல அவன் வருகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டான். தலைமையாசிரியரிடமும் பேசியாயிற்று. பஸ் வாடகையும் மதியச் சாப்பாடும்தான் செலவு. பங்கு தர விரும்புகிறவர்கள் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். என் பங்கை ஏற்கெனவே கொடுத்துவிட்டேன்.