ஸ்டியரிங் கவர் வழுக்கினால்: கை வழுக்குதா, கவரே சுத்துதா?

"ஸ்டியரிங் வழுக்குது அண்ணாச்சி" என்று சீட் கவர் கடையில் போய்ச் சொன்னால் புதுக் கவர் ஒன்றை எடுத்து மாட்டி அனுப்பிவிடுவார்கள். சில மாதத்தில் அதுவும் வழுக்க ஆரம்பிக்கும். ஏனென்றால் வழுக்கலில் இரண்டு வகை உண்டு. கவரின் மேல் கை வழுக்குவது ஒன்று. ஸ்டியரிங்கின் மேல் கவரே நழுவிச் சுற்றுவது இன்னொன்று. முதலாவதைச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரண்டாவதை எவ்வளவு துடைத்தாலும் சரியாகாது. அங்கே கோளாறு அளவிலும் பொருத்தத்திலும் இருக்கிறது. நம் வண்டியில் இருப்பது எது என்று பார்த்துவிட்டுத்தான் காசை எடுக்க வேண்டும்.

பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை லேசாகத் திருப்பினால் லாக் விழும். இப்போது ஸ்டியரிங் அசையாது. கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் இரண்டு கைகளாலும் கவரைப் பிடித்து, முதலில் வட்டமாகத் திருப்பிப் பாருங்கள்; பிறகு ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். லாக்கை உடைக்கிற பலம் வேண்டாம், சாதாரணமாகத் திருப்புகிற வேகம் போதும். கவர் அரை சென்டிமீட்டர் நகர்ந்தால்கூட அது தளர்ந்த கவர்தான். சந்தேகமாக இருந்தால் ஸ்டியரிங் வளையத்தையும் நடுமூடியையும் இணைக்கும் நடுக்கம்பி (ஸ்போக்) சேரும் இடத்தில் கவரில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, அதற்கு நேராக நடுக்கம்பியில் சின்னதாக ஒரு டேப் துண்டு ஒட்டிவிடுங்கள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு கோடும் டேப்பும் நேராக இல்லையென்றால், ஒவ்வொரு வளைவிலும் கவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் திருநெல்வேலிப் பக்கத்துச் சாலைகள் அப்படி. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் கால்வாசிச் சுற்றுக்குக் கை திரும்பியிருக்கும், கவர் நழுவியதால் சக்கரம் அந்த அளவுக்குத் திரும்பியிருக்காது. மீதியைத் திருப்ப அங்கே அகலம் கிடையாது. ஆடி மாதம் நாங்குநேரி தாண்டி நாகர்கோவில் பக்கம் போகிறவர்களுக்கு வேறு பிரச்சினை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஒரு கண்டெய்னர் லாரியை முந்தும்போது அதன் மறைவில் காற்று சட்டென்று நின்றுபோகும். லாரியைத் தாண்டியதும் மறுபடி முழு வேகத்தில் அடிக்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்கை இரண்டு விரல் அளவு திருத்த வேண்டியிருக்கும். அந்த இரண்டு விரல் அளவையும் தளர்ந்த கவரே தின்றுவிடும்.

கவர் நகரவில்லை, கைதான் வழுக்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் எண்ணெய்ப்பசை. வியர்வை மட்டும் என்றால் துடைத்ததும் போய்விடும். கையில் இயல்பாக இருக்கும் பிசுக்கு, தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய், டவுனில் வாங்கி வண்டியிலேயே பிரித்துத் தின்ற அல்வாவின் நெய், செங்கோட்டைப் பக்கம் சாப்பிட்ட பரோட்டா, குற்றாலத்தில் எண்ணெய் மசாஜ் முடித்து அருவியில் குளித்தும் முழுதாகப் போகாத பசை, எல்லாம் கவரின் நுண்ணிய பள்ளங்களில் போய் அடைந்துகொள்ளும். அதன்மேல் தூசி படிந்து, கை உரசி உரசி, சொரசொரப்பாக இருந்த மேற்பரப்பு பளபளவென்று ஆகிவிடும். புதுக் கவரில் ஒளி சிதறி மங்கலாகத் தெரியும். 10 மணி, 2 மணி இருக்கும் இடங்கள் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னினால் பசை அங்கேதான் ஏறியிருக்கிறது.

பலர் கவனிக்காத காரணம் ஒன்று உண்டு: பாலிஷ். வாட்டர் வாஷ் முடிந்ததும் டேஷ்போர்டுக்கு அடிக்கும் பாலிஷ் பெரும்பாலும் சிலிக்கான் எண்ணெய். டேஷ்போர்டுக்கு அடித்த துணியாலேயே ஸ்டியரிங்கையும் ஒரு சுற்றுத் துடைத்துவிடுவார்கள். பார்க்கப் புதுசாக இருக்கும், பிடித்தால் நழுவும். வண்டியை விடும்போதே "தம்பி, ஸ்டியரிங், கியர் நாப், பெடல் மூணுலயும் பாலிஷ் போட்றாதப்பா" என்று சொல்லிவிடுவது நல்லது. பெடலில் அது பட்டால் ஸ்டியரிங்கைவிட மோசம்.

சுத்தம் செய்யும் முறை இது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி., பேபி ஷாம்பு கலந்துகொள்ளுங்கள். பாத்திரம் துலக்கும் திரவமும் வேலை செய்யும், ஆனால் அசல் லெதருக்கு ஷாம்புதான் பாதுகாப்பு. மைக்ரோ ஃபைபர் துணியை அதில் நனைத்து, ஒரு சொட்டுகூட வடியாத அளவுக்குப் பிழியுங்கள். ஹார்ன் பட்டன், ஆடியோ பட்டன் இடுக்குகளில் தண்ணீர் இறங்கக் கூடாது. ஸ்டியரிங்கை நாலு பாகமாகப் பிரித்து, ஒரு பாகம் முடிந்ததும் துணியை அலசிப் பிழிந்து அடுத்த பாகத்துக்குப் போங்கள். அலசாமல் ஒரே துணியால் சுற்றி வந்தால் ஒரு பக்கத்து எண்ணெயை மறுபக்கம் பூசுவதுதான் நடக்கும். தையல் ஓரங்களுக்கும் ரப்பர் கவரின் புள்ளிகளுக்கும் மெத்தென்ற பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடையுங்கள். ஷாம்பு மிஞ்சினால் அதுவே அடுத்த நாள் வியர்வையில் கரைந்து வழுக்கும். கடைசியில் காய்ந்த வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மஞ்சளாகவோ கருப்பாகவோ ஏறினால் இன்னொரு சுற்று வேண்டும். பாலிஷ் பட்ட கவருக்கு இரண்டு மூன்று சுற்று ஆகும். முடிந்ததும் நிழலில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு இரண்டு மணி நேரம் காயவிடுங்கள்.

தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். ரெக்ஸினின் மேல்பூச்சு கரைந்து கையில் ஒட்டும். கை சானிடைசரும் வேண்டாம்; அதில் பெரும்பாலும் கிளிசரின் இருப்பதால் ஆல்கஹால் ஆவியான பிறகு பிசுபிசுப்பு தங்கிவிடும். முகப்பவுடர் தூவுவதும் வழக்கத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் நன்றாக இருக்கும், வியர்த்ததும் சேறாகிவிடும். வெறும் ரப்பர் கவர் மட்டும் வழவழப்பாகியிருந்தால் 400 நம்பர் உப்புத்தாளால் மிக லேசாக ஒரு முறை தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடலாம். லெதரிலும் ரெக்ஸினிலும் இதைச் செய்தால் கவர் அத்தோடு காலி.

சில கவர்கள் கழுவியும் தேறாது. மலிவான ரெக்ஸின் என்பது பி.வி.சி.; அதை வளையவைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் சூட்டில் மெல்ல வெளியே கசியும். பாளையங்கோட்டை மே மாத வெயிலில் மூடிக் கிடக்கும் கார் உள்ளே 60 டிகிரியைத் தொடும். கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கலாகிறதே, அதில் இந்தப் பொருளுக்கும் பங்கு உண்டு. துடைத்த மறுநாளே கவர் மறுபடி பிசுக்கென்றால் பிசுக்கு உள்ளிருந்து வருகிறது. அதேபோல் பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சுள்ள செயற்கை லெதர், ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டு, முதலில் ஒட்டும், பிறகு செதில் செதிலாக உரியும். உரியத் தொடங்கிய கவருக்கு வைத்தியம் கிடையாது, கழற்றிப் போடுங்கள்.

புதிதாக வாங்குவதென்றால் நம் ஊர் வெயிலுக்கு என் முதல் தேர்வு துளையிட்ட லெதர் அல்லது துளையிட்ட மைக்ரோ ஃபைபர் லெதர், அதுவும் கையால் தைக்கும் வகை. துளை வழியாக வியர்வை காயும். துணிக் கவர் வியர்வையை நன்றாக உறிஞ்சும், ஆனால் மாதம் ஒருமுறை கழற்றித் துவைக்கிற பொறுமை வேண்டும். சிலிக்கான் கவர் சுத்தமாக இருக்கும்வரை அபாரமான பிடி தரும். திசையன்விளை, உவரி பக்கத்து மணல் தூசி படிந்தால் அந்தப் பிடி போய்விடும், ஈரத்துணியால் துடைத்ததும் திரும்பி வரும். மரப்பலகை போல் பளபளக்கும் கவர், முடி வைத்த கவர், மணி கோத்த கவர் மூன்றையும் எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள்.

வாங்கும் முன் அளவெடுக்க வேண்டும். 9 மணி வெளி விளிம்பிலிருந்து 3 மணி வெளி விளிம்பு வரை இஞ்ச் டேப் வைத்தால் விட்டம் கிடைக்கும். நம் ஊரில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் 36 முதல் 38 செ.மீ.க்குள் வரும். கைப்பிடியின் தடிமனைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி அந்த நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ், எம், எல் என்ற எழுத்தை நம்ப வேண்டாம், அட்டையில் சென்டிமீட்டர் போட்டிருக்கும். அடிப்பாகம் தட்டையான ஸ்டியரிங், உதாரணமாக 2018-இல் வந்த ஸ்விஃப்ட்டில் இருப்பது, முழு வட்டக் கவருக்கு ஒத்துவராது. தட்டையான இடத்தில் கவர் தொங்கி, அங்கிருந்துதான் தளர்வு தொடங்கும். அதற்கென்றே வரும் வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

இழுத்து மாட்டும் கவரை அரை மணி நேரம் வெயிலில் போட்டு இளக்கிக்கொண்டு, உச்சியில் மாட்டி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் இரண்டு பக்கமும் சமமாகக் கீழே இழுத்து 6 மணி இடத்தில் முடிக்க வேண்டும். கை வலிக்காமல் சுலபமாக ஏறிவிட்டால் அது பெரிய சைஸ், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே டபுள் சைடு டேப் ஒட்டிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. வெயிலில் பசை இளகித் தையல் வழியே கசியும். பின்னால் கழற்றும்போது அசல் ஸ்டியரிங்கின் பூச்சையும் சேர்த்து உரித்துவிடும்.

தைக்கும் கவருக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் அசல் ஸ்டியரிங்கை மேலே சொன்ன மாதிரி கழுவிக் காயவையுங்கள், பசையின்மேல் தைத்தால் என்ன இறுக்கினாலும் சுற்றும். கவரின் இணைப்புத் தையல் 6 மணி இடத்தில் வரட்டும். தைக்காமல் சுற்றிப் பிடித்துப் பாருங்கள்: இரண்டு ஓரங்களுக்கும் நடுவே 2 முதல் 4 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியை நூல் இழுத்து மூடும்போதுதான் லெதர் விறைத்துக் கைப்பிடியைக் கவ்வும். ஓரங்கள் ஏற்கெனவே தொட்டுக்கொண்டால் அந்தக் கவர் ஒருநாளும் இறுகாது. 12, 3, 6, 9 நான்கு இடங்களிலும் தற்காலிகமாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால் தைக்கும்போது கவர் ஒருபக்கமாக ஓடாது. நூல், தைக்க வேண்டிய நீளத்தைப்போல் நாலைந்து மடங்கு வேண்டும். ஊசியை லெதரில் குத்தாதீர்கள். ஓரத்தில் ஏற்கெனவே போட்டிருக்கும் தையல் கண்ணிகளுக்குள் மட்டும் மாறி மாறிக் கோத்து வாருங்கள். மூன்று நாலு தையலுக்கு ஒருமுறை இழுத்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கடைசியில் இழுத்தால் முன்னால் போட்ட தையல் தளர்வாகவே நிற்கும். நடுக்கம்பி வரும் இடத்தில் நூலைக் குறுக்கே கொண்டுபோகாமல் அந்தந்த ஓரத்துக் கண்ணியிலேயே நடத்தி, லெதர் விளிம்பைப் பழைய ஏ.டி.எம். கார்டால் உள்ளே தள்ளுங்கள். ஸ்குரூ டிரைவர் கீறிவிடும். கடைசி முடிச்சை லைட்டரால் உருக்கினால் பக்கத்து லெதர் கருகும். ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டி உள்ளே செருகினால் போதும்.

கவரே இல்லாமல் ஓட்டுவதுதான் பல வண்டிகளுக்குச் சரி என்பேன். கம்பெனி கொடுத்த ஸ்டியரிங், கவர் போட்டதைவிட மெலிசு, நழுவிச் சுற்றவும் செய்யாது. கழுவிய பிறகும் உள்ளங்கை அதிகம் வியர்க்கிறவர்களுக்குப் பிடி போதவில்லை என்றால் பாட்மின்டன் மட்டைக்குச் சுற்றும் ஓவர்கிரிப் வாங்கி, 9, 3 இரண்டு இடங்களில் மட்டும் சுற்றலாம். அது சுமார் 25 மி.மீ. அகலம், 1.1 மீட்டர் நீளம் வரும். கைப்பிடிச் சுற்றளவு 10 செ.மீ. என்று வைத்தால், 5 மி.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி சுற்றும்போது ஒரு ரோலில் சுமார் 22 செ.மீ. நீளம் மூடும். ஆக, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரோல். லேசாக இழுத்துக்கொண்டே சுற்றி, முனையை நடுக்கம்பியை ஒட்டி முடித்து டேப் போடுங்கள். முனை கிளம்பி நின்றால் வளைவில் சட்டைக் கையில் மாட்டும். இது நம் வெயிலில் ஒன்றிரண்டு மாதம் தாங்கும், பஞ்சுபோல் ஆனதும் மாற்றிவிடுங்கள்.

எந்த வகையைப் போட்டாலும் வளையத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்.ஆர்.எஸ். அல்லது ஏர்பேக் என்று எழுதியிருக்கும் நடுமூடியின் மேல் கவரோ, ஸ்டிக்கரோ, கல் பதித்த லோகோவோ ஒட்டக் கூடாது. ஏர்பேக் வெடித்துத் திறக்கும்போது அந்தத் துண்டு முதலில் வருவது ஓட்டுகிறவர் முகத்துக்குத்தான்.