அனுபவத்தைக் காட்டி ஒரு டிப்ளமோ

சிட்னியில் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஆர்பிஎல் (முன்பே கற்றதை அங்கீகரிக்கும் முறை) வழியாகக் குழந்தைப் பராமரிப்பு டிப்ளமோவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். தெரிந்ததை மறுபடி படிக்க வேண்டாம். தெரியும் என்று நிரூபித்தால் போதும். ‘போதும்’ என்பதில்தான் வேலையே!

டிப்ளமோவுக்கு 280 மணி நேரம், அதற்குக் கீழ்நிலைப் படிப்பான சர்டிபிகேட் மூன்றுக்கு 160 மணி நேரம் பணி அனுபவம் வேண்டும். அது பிரச்சினையில்லை. சான்றுகள்தான் பாடாய்ப் படுத்தின. மணல்தொட்டியில் ஒரு வாண்டு புனலில் தண்ணீர் ஊற்றி, எங்கே போகிறது என்று குனிந்து பார்த்ததை முன்பே குறித்து வைத்திருந்தேன். பெயரை மறைத்து அனுப்பினேன். மதிப்பீட்டாளர் விடவில்லை: “சரி, அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள்?” இன்னும் பெரிய குழாயைக் கொடுத்தேன் என்றேன். அதற்குத்தான் அரை மணி நேரம் பேச்சு. மேற்பார்வையாளர் கடிதம் வந்துவிட்டது. முதலுதவிச் சான்றிதழை மட்டும் புதுப்பிக்க வேண்டும்.