கத்தரிச் செடியில் தையல்சிட்டு

இந்த ஆடியில் கத்தரிப் பாத்தியின் ஓரச் செடியைத் தையல்சிட்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாகிவிட்டது. இடுப்பு உயரம்கூட வராத செடி. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்க இலைகளைப் புரட்டியபோது, இரண்டு இலைகள் மட்டும் விளிம்போடு விளிம்பு ஒட்டிப் பொட்டலம் மாதிரி நின்றன. ஏதோ புழு சுருட்டிய இலை என்று குனிந்து பார்த்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு.

தையல்சிட்டு நம் ஊரில் அபூர்வமில்லை. துரு நிற உச்சந்தலை, பச்சை முதுகு, தூக்கிப் பிடித்த வால். எடை 10 கிராமைத் தாண்டாது, சத்தமோ தெருமுனை வரை கேட்கும். இவ்வளவு கத்தும் பறவையின் கூடு இத்தனை நாள் கண்ணில் படாமல் போனது எப்படி? இலையைப் பறிக்காமல் செடியில் இருக்கும்போதே தைப்பதால் அது வாடுவதில்லை. இலையின் மேல்புறம் வெளியே தெரியும்படி மடிப்பதால் நிறமும் மாறுவதில்லை. பக்கத்தில் நின்றாலும் அது இன்னொரு கத்தரி இலைதான்.

அன்றைக்கே தெளிப்பை நிறுத்தினேன். ஹோஸ் பைப்பை மூட்டை கட்டிவிட்டு, அந்தச் செடிக்கு மட்டும் மக்கில் வேர்ப்பக்கமாகத் தண்ணீர். அதில் தொங்கிய காய்கள் முற்றி மஞ்சளாகட்டும், விதைக்கு ஆகும்.

அத்தைக்கு ஒரே கவலை. "கை பட்டுடுச்சாம்மா? மனுஷ வாடை பட்டா தாய்க்குருவி திரும்பி வராதே!" எல்லா வீட்டிலும் சொல்வதுதான். பெரும்பாலான பறவைகள் நம் வாடைக்காகக் கூட்டைக் கைவிடுவதில்லை. ஆபத்து வேறு வழியில் வரும். நாம் அடிக்கடி போய் எட்டிப் பார்க்கும் இடத்தைக் காக்கையும் செண்பகமும் கவனித்துவிடும். அதனால் சமையலறை ஜன்னல்தான் என் காவல்கோபுரம். மொபைலை மேலே நீட்டி ஒரே ஒரு படம் எடுத்ததோடு சரி. செம்பழுப்புப் புள்ளி போட்ட 3 முட்டைகள்.

அடைகாப்பு சுமார் 12 நாள். பொரித்த பிறகுதான் வேடிக்கை. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பச்சைப் புழுவும் சிலந்தியுமாகக் கொண்டுவந்தன. திரும்பிப் போகும்போது அலகில் வெள்ளையாக ஏதோ உருண்டை. குஞ்சின் எச்சம்தான். மெல்லிய பைக்குள் அடைத்தாற்போல வரும் அதைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போட்டுவிடுகின்றன. இனி கத்தரிக்குப் பூச்சித்தொல்லையே இருக்காது என்று நினைத்துவிடாதீர்கள். தண்டுக்குள் இருக்கும் புழுவுக்குக் குருவி ஒன்றும் செய்யாது. வாடிய நுனியை நாம்தான் கிள்ளி எறிய வேண்டும். பக்கத்துச் செடிகளில் அந்த வேலையை உச்சி வெயிலில், வரத்து கொஞ்சம் குறைந்திருந்த நேரத்தில் முடித்துக்கொண்டேன்.

சாதாரணமாகக் குஞ்சுகள் இரண்டு வாரத்தில் வெளியேறிவிடும். இவையும் அப்படித்தான். ஒரு காலையில் மூன்றும் முருங்கைக் கிளையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன, வால் இன்னும் வளராமல். பக்கத்து வீட்டுப் பூனையை விரட்டுவதே அன்றைய முழு வேலை.

இரண்டு மூன்று நாள் கூட்டுப் பக்கம் எதுவும் வராததைப் பார்த்த பிறகு, இலைகளைக் காம்போடு நறுக்கி மேசையில் வைத்து லென்ஸில் பார்த்தேன். நாம் தைப்பதுபோல ஒரே நூல் ஓடவில்லை. அலகால் குத்திய ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிப் பஞ்சிழை, சில இடத்தில் சிலந்தி நூல். துளைக்கு வெளியே இழையின் நுனி பிரிந்து உப்பியிருக்கிறது. முடிச்சே கிடையாது, அந்த உப்பல்தான் பிடிப்பு. லேசாக இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. துளைகள் சிறியவை என்பதால் இலையும் கிழியவில்லை. உள்ளே மெத்தைக்கு எருக்கம் பஞ்சு. பின்சந்தில் இருக்கும் எருக்கஞ்செடியை வெட்டச் சொல்லி வீட்டில் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள், இப்போதைக்கு அது தப்பியது.

ஓரச் செடியைக் கவாத்து செய்து தொழுவுரம் வைத்தாயிற்று, துளிர் வந்துவிட்டது. ஆண் குருவி இப்போது நந்தியாவட்டைப் பக்கம் நின்று கத்துகிறது. அங்கே கத்தரிக்கோலை எடுத்துப் போவது ஐப்பசிக்குப் பிறகுதான்.